மணிக்கட்டில் ஆத்ரோஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள், எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்?

ஆத்ரோஸ்கோபி என்றால் சின்னத் துளை போட்டு மூட்டுக்குள் கமரா விட்டுச் செய்யும் ஒப்பரேஷன். சின்னத் துளைதானே, ஒரு கிழமை லீவு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் ஒபிசில் பத்து நாள் எழுதிக் கொடுத்தேன். திரும்பிப் போனது ஒன்றரை மாதம் கழித்து.

மழை நாளொன்றில் வெள்ளவத்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆனால் தேங்காய் துருவ, துணி பிழிய, பூட்டில் சாவி திருப்ப என்று கையை முறுக்கும் எந்த வேலையிலும் சுண்டுவிரல் பக்கம் சுரீரென்று இழுக்கும். அந்தப் பக்கம் எலும்புகளுக்கு நடுவே முக்கோணமாக ஒரு குருத்தெலும்பு இருக்கிறது, அது கிழிந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.கூடச் சில நேரம் கோட்டை விடும், கமரா விட்டுப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம்.

ஆகவே டொக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது துளையின் அளவை அல்ல, உள்ளே என்ன செய்யப் போகிறார் என்பதை. பார்த்துவிட்டுப் பிய்ந்த ஓரத்தை மட்டும் சீவிவிட்டால் ஒன்றிரண்டு கிழமையில் லேசான வேலை தொடங்கலாம். கிழிசலைத் தைத்தால் கதை வேறு: நாலிலிருந்து ஆறு கிழமை கட்டுப் போட்டு அசையாமல் வைப்பார்கள், பிறகு பிசியோ, பாரம் தூக்க மூன்று மாதமாவது ஆகும். எது என்பது சில நேரம் உள்ளே பார்த்த பிறகுதான் முடிவாகும் (எனக்கு அப்படித்தான், தைத்தார்கள்), அதனால் லீவை நீளமாகவே கேளுங்கள்.

ஒப்பரேஷன் பெரிய விசயமில்லை, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். மோதிரம், வளையலை முதல் நாளே கழற்றுங்கள். முழு மயக்கமும் கொடுக்கலாம், கையை மட்டும் விறைக்க வைக்கவும் செய்யலாம். எனக்குக் கை மட்டும். விரல்களை வலைக் கூடுகளில் மாட்டிக் கையைத் தொங்கவிட்டு, மூட்டு விரியும்படி இழுத்து வைத்து, மணிக்கட்டின் மேற்புறம் சில மில்லிமீற்றர் துளைகள் போட்டு, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள கமராவை விடுகிறார்கள்.

யாரும் சரியாகச் சொல்லாதது அன்றிரவைப் பற்றி. விறைப்பு பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் நிற்கலாம், அதுவரை கை உங்களுடையதே இல்லை, சூடான தேத்தண்ணிக் கோப்பையில் பட்டாலும் தெரியாது, தூக்குத் துணியில் போட்டே வையுங்கள். வலிக்காததால் நான் மாத்திரையைத் தள்ளிப்போட்டேன். விடியப்புறம் விறைப்பு விட்டதும் பட்ட பாடு! விறைப்பு முழுதாய் விடுமுன்பே, டொக்டர் சொன்ன நேரத்துக்கு, மாத்திரையைப் போட்டுவிடுங்கள்.

முதல் சில நாள் கையை நெஞ்சுக்கு மேலே தலையணையில் வைத்திருங்கள், வீக்கம் குறையும். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். கட்டு நனையக் கூடாது. துளைகளின் மேல் தோலில் தையல் போட்டிருந்தால் பத்துப் பதினாலு நாளில் எடுப்பார்கள். வலது கை என்றால் கரண்டியில் சோறு சாப்பிடப் பழகுங்கள். எனக்கு அக்காதான் தலை இழுத்துப் பின்னிவிட்டாள், அதிலும் தினம் ஒரு சண்டை.

புறங்கையில் ஒரு திட்டு மரத்துப் போகலாம், துளைகளுக்குப் பக்கத்தில் தோல் நரம்புகள் ஓடுவதால் வருவது, பெரும்பாலும் மெல்ல மெல்லத் திரும்பும். தொற்றும் இறுக்கமும் அபூர்வம்தான். ஆனால் வலி நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் வடிந்தாலோ, விரல் நீலம் பாய்ந்தாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.

எனக்கு வலி தொண்ணூறு வீதம் போய்விட்டது. தேங்காய் துருவுகிறேன், ஈரப் பெட்சீட் பிழிவதை மட்டும் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டேன்.