பட்டறைகள் பல இருந்தால் நிறைவுப் போட்டி ஆகிவிடுமா?

கேள்வி: காரைக்குடியில் எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். தொழிலமைப்புப் பொருளியலில் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பட்டறைகள் நிறைய இருக்கின்றன, புதிதாகத் தொடங்கவும் தடை இல்லை. அதனால் நிறைவுப் போட்டி (யாராலும் தனியாக விலையை ஏற்ற முடியாத சந்தை) என்று எழுதலாமா? விலையைக் கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. கணக்கிலும் நான் சுமார்தான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தலைப்பு மிக நல்லது, விட்டுவிடாதீர்கள். 'பட்டறைகள் நிறைய, அதனால் நிறைவுப் போட்டி' என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

விற்பவர்களின் தலையை எண்ணிப் போட்டியை அளக்க முடியாது. 1883-இல் பெர்த்ரான் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் காட்டியதைப் பாருங்கள். ஒரே மாதிரியான பொருளை இரண்டே பேர் விற்றாலும், ஒருவருக்கொருவர் விலையைக் குறைத்துக்கொண்டே போனால் விலை இறுதிநிலைச் செலவு (கூடுதலாக ஒரு அலகு செய்ய ஆகும் செலவு) வரை இறங்கிவிடும். 1971-இல் பீட்டர் டயமண்ட் என்ற பொருளியலாளர் இதற்கு நேர் எதிரானதைக் காட்டினார். கடை கடையாக ஏறி விலை விசாரிக்க வாங்குபவருக்குக் கொஞ்சம் செலவோ சிரமமோ இருந்தால் போதும், எத்தனை கடை இருந்தாலும் எல்லாரும் முற்றுரிமையாளர் (போட்டியே இல்லாமல் தனியாக விற்பவர்) கேட்கும் விலையையே கேட்கலாம். வெளியூரிலிருந்து வண்டியில் வந்து, மாலைக்குள் திரும்ப வேண்டிய ஒருவர் எத்தனை பட்டறை ஏறி இறங்குவார்?

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: ஒரு பட்டறைக்காரர் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் ஏற்றினால், அவருடைய வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் பக்கத்துப் பட்டறைக்குப் போவார்கள்? நிறைவுப் போட்டி என்றால் அத்தனை பேரும் போயிருக்க வேண்டும். ஆத்தங்குடியில் அப்படி நடக்காது என்பதற்கான காரணங்கள் டைல்ஸ் கல் செய்யும் முறையிலேயே இருக்கின்றன. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றி, பின்னால் சிமென்ட்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊற வைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது, பெரிய இயந்திரமும் கிடையாது. அதனால் முதலீட்டுத் தடை குறைவு என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் பூ வேலை சிந்தாமல் ஊற்றும் கை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நல்ல கை இருக்கும் பட்டறையின் கல்லும் மற்றதும் ஒரே பொருள் அல்ல. பழைய வீட்டில் உடைந்த கல்லுக்குப் பதில் கல் தேடுபவருக்கு அதே டிசைன், அதே நிறம் வேண்டும். அந்த அச்சு யாரிடம் இருக்கிறதோ, அந்த நேரத்தில் அவர் ஏறக்குறைய முற்றுரிமையாளர்தான். புது வீட்டுக்குச் சாதாரண ஒற்றை நிறக் கல் கேட்பவரிடம் அதே பட்டறைக்காரருக்கு அந்தப் பலம் இல்லை. கட்டுரையில் இந்த இரண்டு வகை வாடிக்கையாளர்களையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.

இந்த நிலைமைக்குப் பொருந்தும் சட்டகம் முற்றுரிமைப் போட்டி. 1933-இல் சேம்பர்லின் என்ற பொருளியலாளர் வகுத்தது: விற்பவர்கள் பலர், ஆனால் ஒவ்வொருவர் பொருளும் சற்று வேறு. புதியவர்கள் தாராளமாக நுழைவதால் மிகை இலாபம் கரைந்துவிடும். ஆனாலும் விலை இறுதிநிலைச் செலவுக்கு மேலேயே நிற்கும். 'யாருக்கும் பெரிய இலாபம் இல்லையே, அப்புறம் எப்படி முற்றுரிமை?' என்று உங்கள் வழிகாட்டி கேட்டால், இதுதான் பதில்.

சந்தையின் எல்லையையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஆத்தங்குடிப் பட்டறைகள் எல்லாம் சேர்ந்து விலையை ஐந்து சதவீதம் ஏற்றினால் வாங்குபவர்கள் குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் விட்ரிஃபைடு டைல்ஸுக்கு மாறுவார்களா? மாறுவார்கள் என்றால் உங்கள் சந்தை ஆத்தங்குடியோடு முடியவில்லை. இந்தச் சோதனை 1982-இல் அமெரிக்க அரசின் நிறுவன இணைப்பு வழிகாட்டுதல்களில் இடம்பெற்றது, இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

சரி, விலையே சொல்லமாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது? விலையைக் கேட்காதீர்கள், மாற்றத்தைக் கேளுங்கள். 'கடைசியாக சிமென்ட் விலை ஏறியபோது நீங்கள் சதுர அடிக்கு எவ்வளவு ஏற்றினீர்கள்? முதலில் ஏற்றியது யார்? எத்தனை நாள் கழித்து?' என்று கேட்டால் மனிதர்கள் பேசுவார்கள். அந்தப் பதிலில் போட்டியின் அளவு ஒளிந்திருக்கிறது.

அதற்கான கணக்கை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். தேவைக் கோடு P = 100 − Q. ஒரு அலகுக்குச் செலவு 10 ரூபாய். ஒரே விற்பனையாளர் என்றால் விலை 55. 1838-இல் கூர்னோ சொன்னபடி இருவர் அளவை வைத்துப் போட்டியிட்டால் ஆளுக்கு 30 அலகு, விலை 40. பெர்த்ரான் முறையில் விலை 10. இப்போது செலவு 12 ஆகட்டும். விலைகள் முறையே 56, சுமார் 41.33, 12 என்று மாறும். செலவு ஏறியது 2 ரூபாய். முற்றுரிமையாளர் அதில் பாதியை, கூர்னோ இருவர் மூன்றில் இரண்டு பங்கை, பெர்த்ரான் விற்பனையாளர்கள் முழுவதையும் வாங்குபவர் தலையில் ஏற்றுகிறார்கள். தேவைக் கோடு நேர்கோடாக இருந்தால்தான் இந்தப் பின்னங்கள் வரும். வளைந்த கோட்டில் முற்றுரிமையாளரே செலவு உயர்வுக்கு மேலாகவும் ஏற்றக்கூடும். இந்த எச்சரிக்கையைக் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள்.

இந்தக் கணக்குக்கு வேண்டியது ஒரு மாறியில் வகையிடலும், இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பதும்தான். உங்கள் கட்டுரைக்கு அது போதும். ழான் திரோல் 1988-இல் வெளியிட்ட பாடநூல் இத்துறையின் அடித்தளம் (2014-இல் அவருக்கு நோபல் கிடைத்தது), ஆனால் அதை முதல் நூலாக எடுத்தால் மிரண்டுபோவீர்கள். கூர்னோ, பெர்த்ரான், ஹோட்டலிங் (கடைகள் இருக்கும் இடத்தை வைத்துப் போட்டியை விளக்கும் மாதிரி) மூன்றையும் கையால் போட்டுத் தீர்த்த பிறகு அந்த நூலைத் திறந்து பாருங்கள், பாதி தானாகப் புரியும்.

இன்னொரு வழியும் உண்டு. விலையே தேவைப்படாத வழி. பிரெஸ்னகன், ரைஸ் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1991-இல் அமெரிக்காவின் தனித்த சிற்றூர்களில் மருந்துக்கடை, பல் மருத்துவர், டயர் கடை போன்றவற்றை எண்ணி, ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டார்கள். முதல் கடைக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மக்கள் இரண்டாவது கடை வரத் தேவைப்பட்டால் இலாப விகிதம் குறைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். போட்டியின் தாக்கம் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கடை வரும்போதே வந்துவிடுகிறது என்று கண்டார்கள். அருமையான முறை. ஆனால் செட்டிநாட்டில் அப்படியே போடாதீர்கள். கோட்டையூர், பள்ளத்தூர்க்காரர்கள் மருந்து வாங்கக் காரைக்குடிக்கே வந்துவிடுவார்கள். ஊர்கள் நெருங்கிக் கிடப்பதால் 'தனித்த சந்தை' என்ற அடிப்படையே உடைந்துவிடும். உங்களுக்கு நான் சொல்வது டைல்ஸ்தான்.

சிமென்ட் பக்கத்தையும் ஒரு அத்தியாயத்தில் தொடுங்கள். வாங்கும் பட்டறைகள் சிறியவை, விற்கும் சிமென்ட் நிறுவனங்களோ சில்லோர் முற்றுரிமை, அதாவது சில பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கும் சந்தை. 2012-இல் இந்தியப் போட்டி ஆணையம் பெரிய சிமென்ட் நிறுவனங்களுக்கு, கூடிப் பேசி விலையை உயர்த்தியதாக, 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. அந்த உத்தரவைப் பதிவிறக்கிப் படியுங்கள். விலைகள் சேர்ந்து ஏறுவது மட்டும் கூட்டுச்சதிக்குச் சான்றாகுமா என்று இரு தரப்பும் வாதாடுவதைப் பார்த்தால், பாடநூலில் புரியாதது அங்கே புரியும். பட்டறைகள் ஒரே வாரத்தில் விலை ஏற்றினால் அதைக் கூட்டுச்சதி என்று எழுதிவிடாமல் இருக்கவும் அது உதவும். எல்லாருக்கும் ஒரே நாளில் சிமென்ட் ஏறினால் எல்லாரும் சேர்ந்து ஏற்றத்தான் செய்வார்கள்.

பட்டறைகளின் பெயரைக் கட்டுரையில் போடமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொன்னபடி பெயருக்குப் பதில் எண்களையே குறியுங்கள்.