எதனுடைய வயது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் நிலவியல் முதுகலை மாணவன். பாறையின் வயதை ஆய்வகக் கருவிகளே சொல்லிவிடும் இக்காலத்தில் களப்பணிக்கு மாதக்கணக்கில் செலவிடத்தான் வேண்டுமா? உலகின் மிகப் பழைய பாறை இருப்பது கனடாவிலா, ஆஸ்திரேலியாவிலா? மேற்படிப்புக்கு எந்த ஆய்வகம் சிறந்தது?

ம.

அன்புள்ள ம.,

ஆய்வகத்தைப் பற்றி உங்கள் பேராசிரியர்களிடம் கேளுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்குள்ளேயே முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. கனடாவின் அகாஸ்டா நைஸ் என்னும் பட்டைப் பாறைக்கு வயது ஏறத்தாழ 403 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த, சிர்க்கான் என்னும் கனிமத்தின் படிகங்கள் சில 440 கோடி ஆண்டுகள் வரை பழையவை. ஆனால் அவை கிடைத்த பாறையோ, நீர் அடித்து வந்து சேர்த்த கூழாங்கற்கள் இறுகி உருவான, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பாறை. படிகத்தின் வயதைப் பாறையின் வயதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை, அது கூழாங்கற்படுகை என்று களத்தில் கண்டறிந்தவரே சொல்ல முடியும்.

சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக விலக்கும். ஆகவே பின்னர் அதனுள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து பிறந்தது என்று கொண்டு வயதைக் கணிக்கிறோம். பாறை மீண்டும் கடுமையாகச் சூடேறினால் பழைய படிகத்தின் மேல் புதிய உறை வளரும். கருவி இரண்டையும் அளக்கும். எது எந்த நிகழ்வைக் குறிக்கிறது என்பதைப் பாறையின் முன் நின்றவரே சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் வேண்டுமா என்று கேட்பவர் இந்தத் துறைக்கு வரவேண்டாம்.

என் ஆசிரியர் முதல் நாள் என்னிடம் சுத்தியலைத் தரவில்லை, பென்சிலைத்தான் தந்தார். எதிரே இருந்த பாறையை வரைந்துகொண்டே இருந்ததில், கரும்பட்டைகளை வெண்ணிற நரம்பொன்று வெட்டிச் செல்வதும், இரண்டும் சேர்ந்து மடிந்திருப்பதும், மடியாத இன்னொரு நரம்பு அந்த மடிப்பையே வெட்டுவதும் மாலைக்குள் தெரிந்தன. எது முன், எது பின் என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் அந்தப் பாறையே காட்டியது.

அடுத்த ஆண்டு தனியே சென்ற நான், பட்டையும் நரம்பும் கலந்த துண்டொன்றை அவசரமாக உடைத்துக் கொண்டுவந்தேன். ஆய்வகம் இரண்டு வயதுகளைத் தந்தது. குறிப்பேட்டில் இடமும் தேதியும் மட்டுமே இருந்தன. அதைப் புரட்டிப் பார்த்த ஆசிரியர், "திரும்பிப் போ" என்றார். போனேன், இரண்டு நாள் தேடியும் நான் உடைத்த இடம் அகப்படவில்லை. அந்த இரு வயதுகளும், எதனுடையவை என்று தெரியாமல், இன்றும் என் குறிப்பேட்டில் கிடக்கின்றன.

அடுத்த முறை களத்துக்குச் சென்றால், நீங்கள் வரைந்த முதல் படத்தை, எவ்வளவு கோணலாக இருந்தாலும், எனக்கு அனுப்புங்கள்.