கௌபாய் படங்களை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' பெரிய கிளாசிக் என்று எல்லாரும் சொல்ல, போட்டுப் பார்த்தேன். பாதியில் தூங்கிவிட்டேன். வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம் என்றால் இதுதானா? குதிரையும் தொப்பியும் இருந்தால் போதுமா? இயக்குநர் கர்ணன் ஜெய்சங்கரை வைத்து எடுத்த தமிழ் கௌபாய் படங்களை ரசித்த அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க நாலைந்து படங்கள் சொல்லுங்கள்.

பதில்: தூங்கியதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம் அது. முதல் பத்து நிமிடம் யாரும் வாயே திறப்பதில்லை. அதன் இயக்குநர் செர்ஜியோ லியோனி ஒரு இத்தாலியர். ஹாலிவுட் வெஸ்டர்ன்களைப் பார்த்தே வளர்ந்தவர், அவற்றின் வழக்கங்களைத் தலைகீழாக்கி 1966இல் ஸ்பெயினில் போய் எடுத்த படம். அந்த வழக்கம் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் குறும்பு பிடிபடும். அதில் தொடங்குவது கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பது போல.

தொப்பி, குதிரை எல்லாம் வேஷம்தான். வெஸ்டர்னின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. 1862இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது: மேற்கே போய் 160 ஏக்கரில் ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் நிலம் உங்களுக்கு. ஆட்கள் போய்விட்டார்கள், கோர்ட்டும் போலீஸும் பின்னால் மெதுவாகத்தான் வந்தன. அந்த நிலத்தில் ஏற்கெனவே பழங்குடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பது இந்தக் கதையின் பெரிய கறை. சட்டம் வந்தும் வராமலும் இருந்த அந்த இடைவெளிதான் வெஸ்டர்னின் களம். ஊருக்கு அமைதி வேண்டும். அதைக் கொண்டுவரத் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவன் வேண்டும். அமைதி வந்ததும் அவனுக்கு ஊரில் இடமில்லை. இந்த மூன்றும் இருந்தால், குதிரையே இல்லாவிட்டாலும் நான் அதை வெஸ்டர்ன் என்பேன்.

அப்பாவோடு முதலில் பார்க்க 'ஹை நூன்' (1952). 85 நிமிடம்தான். கல்யாணம் முடிந்த கையோடு வேலையை விட்டுக் கிளம்பும் மார்ஷலுக்கு (ஊர்க் காவல் அதிகாரி) செய்தி வருகிறது: அவர் சிறைக்கு அனுப்பிய கொலைகாரன் விடுதலையாகி மதிய ரயிலில் வருகிறான். படத்தின் நேரமும் நம் கடிகார நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடும். மார்ஷல் மதுக்கடைக்குப் போகிறார், சர்ச்சுக்குப் போகிறார், துணைக்கு ஆள் கேட்கிறார். தண்டனை கொடுத்த நீதிபதியே சுவரில் இருந்த கொடியைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு ஊரை விட்டுப் போகிறார்! கடைசியில் மார்ஷலாக நடித்த கேரி கூப்பர் நடுத்தெருவில் தனியாக நிற்க, கேமரா மேலே எழும்பிக்கொண்டே போகும். கூரைகள் தெரியும், காலித் தெரு தெரியும், ஓர் ஆள்கூட இருக்கமாட்டார். இதை எழுதிய கார்ல் ஃபோர்மனும் அப்போது அமெரிக்காவில் நடந்த கம்யூனிஸ்ட் வேட்டையில் மாட்டியிருந்தவர் என்று தெரிந்தால் அந்தக் காலித் தெரு இன்னும் உறைக்கும். மார்ஷல் இப்படி வீடு வீடாகப் போய் உதவி கேட்பதா என்று எரிச்சலடைந்த இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், 1959இல் 'ரியோ பிராவோ' எடுத்துப் பதில் சொன்னார். அதுவும் நல்ல படம்தான், ஆனால் இன்னொரு நாளைக்கு.

அடுத்து 'ஷேன்' (1953). மாட்டுப் பண்ணைக்காரருக்கும் வேலி போட்டு விவசாயம் செய்பவர்களுக்கும் நடக்கும் நிலத்தகராறு. நம் ஊர் வரப்புச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

அப்புறம் 'தி சர்ச்சர்ஸ்' (1956). ஒரே ஒரு வெஸ்டர்ன்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கொமாஞ்சிப் பழங்குடியினர் கடத்திப்போன தன் சகோதரரின் மகளைப் பல ஆண்டுகள் தேடும் ஜான் வெய்ன், ஒரு கட்டத்தில் அவளைக் காப்பாற்றத் தேடுகிறாரா, கொல்லத் தேடுகிறாரா என்றே நமக்குப் பயம் வந்துவிடும். அவ்வளவு வெறுப்பு அந்த ஆளுக்குள். பழங்குடி மக்களைப் பெரும்பாலும் பகையாகக் காட்டிப் பழகிய இயக்குநர் ஜான் ஃபோர்ட், அந்தப் பகைக்குள் இருக்கும் நோயைக் கையில் எடுத்த படம் இது. அதற்காக அவர்களைச் சரியாகக் காட்டிவிட்டது என்று சொல்லமாட்டேன். கொமாஞ்சித் தலைவனாக நடித்தவரே ஒரு வெள்ளையர். இருட்டான வீட்டுக்குள்ளிருந்து கதவு திறந்து வெளிச்சமான பாலைவனம் தெரிவதில் படம் தொடங்கும். முடிவிலும் அதேபோல் ஒரு கதவு. எல்லாரும் உள்ளே போகிறார்கள். வெய்ன் வாசலுக்கு வெளியே நின்று, இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார், திரும்பி நடக்கிறார், கதவு மூடுகிறது. அமைதி வந்ததும் அவனுக்கு இடமில்லை என்று முன்னே நான் சொன்ன மூன்றாவது விஷயத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய படம் எனக்குத் தெரியாது.

இவை மூன்றும் முடிந்தபின் லியோனியிடம் திரும்புங்கள், தூக்கம் வராது. கர்ணன் படங்களின் குதிரைத் துரத்தல் பிடித்த அப்பாவுக்கு இங்கே உற்சாகம் வந்துவிடும். கடைசியாக கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'அன்ஃபர்கிவன்' (1992). அதில் சட்டம் ஒருவழியாக ஊருக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தைக் காக்க வேண்டிய ஷெரிஃப்தான் ஊரிலேயே கொடூரமான ஆள். அவர் தன் கையாலேயே கட்டும் வீட்டின் கூரை ஒழுகுகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள்: சர்ச்சர்ஸை மட்டும் செல்போனில் பார்க்காதீர்கள். வீட்டிலேயே பெரிய டிவியில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும் ஆள் வெறும் புள்ளியாகத்தான் தெரிவார்.