பிரிட்ஜின் வெப்பநிலை சென்சர் 7 கிலோ ஓம் காட்டினால் பழுதா?

பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மரக்கறி உறைகிறது, ஒருவர் போர்டை (பிரிட்ஜை இயக்கும் மின்சுற்றுப் பலகையை) மாற்றச் சொல்கிறார், சென்சரோ 10 கிலோ ஓமுக்குப் பதில் 7 காட்டுகிறது என்று கேட்டீர்கள். சென்சரை இப்போதைக்கு மாற்ற வேண்டாம், 7 காட்டுவதை மட்டும் வைத்துப் பழுது என்று சொல்ல முடியாது. சென்சரில் சொல்லும் 10 கிலோ ஓம் 25 பாகைக்குரியது. சூடு கூடினால் தடை குறையும். கிளிநொச்சியில் மத்தியானம் 33 பாகை வெயிலில் வைத்து அளந்தால் 7 கிட்டத்தான் வரும், கையால் பொத்திப் பிடித்தால் இன்னும் இறங்கும்.

ஐஸ் தண்ணீரில் பாருங்கள். பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு கோப்பையில் நிறைய ஐஸும் கொஞ்சத் தண்ணீரும் கலக்கி, சென்சரின் தலையை மட்டும் அமிழ்த்தி ஐந்து நிமிடம் விடுங்கள், இணைப்பி நனையக்கூடாது. பிறகு தடையை அளந்து, 27 முதல் 33 கிலோ ஓம் வரை வந்தால் சென்சர் நல்லது.

கீழ்த்தட்டில் மரக்கறி உறைகிறது என்றீர்களே, ஈரம் இறங்கிய சென்சரோ இணைப்பியோ தடையைக் குறைத்துக் காட்டும், போர்டும் இன்னும் சூடு என்று நினைத்து ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் போர்டுப் பக்கத்து வயர் முனையிலும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போனால் குளிர்க்காற்றை விடுகிற கதவு திறந்தபடியே இறுகி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். போர்டு மாற்றச் சொன்னவரை அதுவரை கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

சில மொடல்களில் 5 கிலோ ஓம் சென்சர்தான் வரும், அதற்கு இந்தக் கணக்கில் பாதி. இன்வெர்ட்டர் பிரிட்ஜ் என்றால் பிளக்கைக் கழற்றினாலும் போர்டில் மின்சாரம் தங்கி நிற்கும், உடனே தொடாதீர்கள்.