ஒற்றை எஞ்சின் படகுக்குப் பின்முனைத் திரஸ்ட்டர் தேவையா?

கேள்வி: எங்கள் 34 அடி உல்லாசப் படகில் ஒரே டீசல் எஞ்சின், தண்டில் இணைந்த நிலையான புரொப்பெல்லர். முன்முனையில் திரஸ்ட்டர் (படகைப் பக்கவாட்டில் தள்ளும் சிறு மின்விசைப் புரொப்பெல்லர்) ஏற்கெனவே உண்டு. சிங்கப்பூரில் துவாஸ் பக்கத்து மரீனாவில் (படகு நிறுத்தும் துறையில்) பின்பக்கமாக நிறுத்துமிடத்துக்குள் நுழையும்போது, பக்கக் காற்று பின்முனையை அண்டைப் படகின்மேல் தள்ளிவிடுகிறது. பின்முனையிலும் ஒரு திரஸ்ட்டர் பொருத்தலாமா? எவ்வளவு திறன் வேண்டும்?

பதில்: பொருத்தலாம். இரட்டை எஞ்சின் படகோ வெளிப்பொருத்து மோட்டார் படகோ வைத்திருந்தீர்களானால் இந்தச் செலவு வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஓர் எஞ்சினை முன்னும் மற்றொன்றைப் பின்னும் இயக்கியோ, மோட்டாரையே திருப்பியோ அத்தகைய படகுக்காரர்கள் பின்முனையை வேண்டிய பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். உங்கள் படகில் அந்த வசதி இல்லை. பின்னோக்கிச் செல்லும்போது புரொப்பெல்லரின் நீரோட்டம் சுக்கானின்மேல் பாயாததால், படகு சுக்கானுக்கு அரைகுறையாகவே கட்டுப்படும். சுக்கானை முழுவதும் திருப்பி முன் கியரில் ஓர் உந்து கொடுத்தால் பின்முனை நகரும்தான். ஆனால் படகும் முன்னே போய்விடும். பின்முனைத் திரஸ்ட்டர் படகை முன்னும் பின்னும் செலுத்தாமல் பின்முனையைப் பக்கவாட்டில் மட்டும் தள்ளுகிறது. முன்முனைத் திரஸ்ட்டரையும் அதையும் ஒரே பக்கம் இயக்கினால் படகு அப்படியே பக்கவாட்டில் நகரும். எதிரெதிராக இயக்கினால் நின்ற இடத்திலேயே திரும்பும்.

எனினும், செலவில்லாத ஒரு சோதனையை முதலில் செய்துவிடுங்கள். படகைக் கயிறுகளால் நன்றாகக் கட்டிய நிலையில், மிகக் குறைந்த வேகத்தில் பின் கியரைப் போட்டு, நுரைத்த நீர் எந்தப் பக்கம் பொங்கி வருகிறது என்று பாருங்கள். வலப்பக்கம் பொங்கினால் பின்முனை இடப்பக்கம் இழுக்கப்படுகிறது என்று பொருள். வலஞ்சுழி புரொப்பெல்லர் (முன்செல்லும்போது, பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்போல் சுழல்வது) உள்ள பெரும்பாலான படகுகள் இப்படித்தான் நடந்துகொள்ளும். மிதவை மேடை அந்த இடப்பக்கமே அமையும்படி வேறு நிறுத்துமிடம் மரீனாவில் கிடைத்தால், சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

திறனைப் படகின் நீளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காற்றுப் படும் பக்கப் பரப்பைக் கணக்கிட வேண்டும். உங்கள் படகின் நீளம் சுமார் 10.4 மீட்டர், மேற்கட்டுமானத்தையும் சேர்த்து நீர்மட்டத்துக்கு மேல் சராசரி உயரம் 1.8 மீட்டர் என்று கொண்டால், பரப்பு சுமார் 19 சதுர மீட்டர் ஆகிறது. 20 நாட் காற்று, அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர், ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 65 நியூட்டன் அழுத்தம் தரும். படகின் வளைவுகளுக்காகக் கால் பங்கைக் கழித்தால் மொத்தம் சுமார் 925 நியூட்டன், அதாவது 94 கிலோகிராம் விசை வருகிறது. இரு முனைகளும் அதைப் பகிர்ந்துகொள்வதால் பின்முனைக்கு 47 போதும். ஆகவே 55 முதல் 60 கிலோகிராம் விசை தரும் திரஸ்ட்டர் பொருத்தமானது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதால், சுமத்ரா சூறைக்காற்று 35 நாட் வேகத்தில் அடிக்கும்போது படகின்மேல் 280 கிலோகிராமுக்கு மேல் அழுத்தம் விழும். அதற்கு ஈடுகொடுக்கும் திரஸ்ட்டரைத் தேடுவதைவிட, அது கடந்துபோகும் வரை வெளியே காத்திருப்பதே அறிவுடைமை. பக்கவாட்டில் பாயும் வலுவான நீரோட்டத்தையும் எந்தத் திரஸ்ட்டரும் வெல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பின்முனைத் திரஸ்ட்டர் பெரும்பாலும் படகின் பின்சுவரின் வெளிப்புறத்தில், ஒரு குறுங்குழாய்க்குள் அமையும். குழாயின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே குழாயின் விட்டத்தில் பாதியளவாவது, முடிந்தால் முழு விட்டமளவு, மூழ்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது காற்றை உறிஞ்சி வலுவிழக்கும். எரிபொருள், நீர்த் தொட்டிகள் காலியாக இருக்கும்போது பின்முனை உயர்ந்துவிடும் என்பதால், அந்த நிலையில்தான் நீர்மட்டத்தை ஒட்டுநாடாவால் குறித்துவைக்க வேண்டும். கரையேற்றிய பிறகு ஊகித்துப் பயனில்லை. பீய்ச்சும் நீர் டிரிம் தகடுகளில் (ஓடும் படகின் சாய்வைச் சரிசெய்யும் பின்முனைத் தகடுகளில்) மோதாதபடியும் இடம் பார்க்க வேண்டும். பின்சுவரின் உள்ளே பல்சா மரமோ ஒட்டுப்பலகையோ இருந்தால், துளையிட்ட விளிம்பு முழுவதையும் எப்பாக்சிப் பிசினால் அடைத்த பிறகே போல்ட்டுகளை முடுக்க வேண்டும். துளை போடுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது மின்சாரத்தில்தான். இந்த அளவுள்ள 12 வோல்ட் மோட்டார் சுமார் 300 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போய்த் திரும்பும் கேபிளின் மொத்த நீளம் 10 மீட்டர் என்றால், 35 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 1.5 வோல்ட் வீணாகும். 70 சதுர மில்லிமீட்டரில் அது பாதியாகும். முன்முனைப் பேட்டரியிலிருந்து நீண்ட கேபிள் இழுப்பதைவிட, பின்பகுதியிலேயே திரஸ்ட்டருக்கெனத் தனி ஏஜிஎம் பேட்டரி (அமிலம் சிந்தாத, மூடிய வகை) வைத்து, அதன் அருகிலேயே ஃபியூஸும் துண்டிப்பு சுவிட்சும் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். வேலை முடிந்ததும் ஒருவர் ஜாய்ஸ்டிக்கை அழுத்த, மற்றவர் மோட்டாரின் முனைகளிலேயே மீட்டரை வைத்துப் பார்க்கட்டும், 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இயக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். இரண்டு மூன்று விநாடி உந்துதல்களே போதும். இவ்வகை மோட்டார்கள் தொடர்ந்து சில நிமிடங்கள் மட்டுமே ஓடக்கூடியவை. சூடேறினால், நடுவழியில் தாமாகவே நின்றுவிடும். நம் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால் கொட்டலசுகள் விரைவில் ஒட்டும். திரஸ்ட்டரின் புரொப்பெல்லர் இதழ்களில் அவை படிந்தாலே உந்துவிசை கண்கூடாகக் குறையும். படகின் அடிப்பகுதியைச் சுத்தம் செய்பவரிடம் குழாய்க்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். துத்தநாக ஆனோடின்மேல் (மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடும் துண்டின்மேல்) மட்டும் வண்ணம் பூசக் கூடாது. பூசினால் அது அரிமானத்தைத் தடுக்காது. சுத்தம் செய்பவர் நீரில் இறங்குமுன்னும், லாசரஸ் தீவருகே நங்கூரமிட்டுப் பிள்ளைகள் பின்மேடையிலிருந்து குதிக்குமுன்னும், திரஸ்ட்டரின் துண்டிப்பு சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.