கேள்வி பதில்: கிளினிக் வருகைக் கணக்கு

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் ஓராண்டு கிளினிக் வருகைகளை ஆராய்கிறேன். பலருக்கு இரண்டு, மூன்று. சிலருக்கு நாற்பதுக்கு மேல். எண்ணிக்கைகளுக்கான பாய்சான் (Poisson) புள்ளியியல் மாதிரி போதுமா?

பதில்: அநேகமாகப் போதாது. பாய்சானில் சராசரியும் மாறுபாடும் (சிதறலின் அளவு, variance) சமமாக இருக்க வேண்டும். மாதிரியைப் பொருத்தியபின், மாதிரி தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் பியர்சன் கை-வர்க்கத்தை (Pearson chi-square), ஆட்களின் எண்ணிக்கையில் கெழுக்களின் (மாதிரி மதிப்பிடும் எண்களின்) எண்ணிக்கையைக் கழித்து வருவதால் வகுங்கள். விடை 1ஐ வெகுவாகத் தாண்டினால் திட்டப்பிழைகள் (கெழுக்களின் நிச்சயமின்மை அளவுகள்) பொய்யாகச் சிறுத்திருக்கின்றன. மாறுபாடு சராசரியைத் தாண்ட இடம் தரும் எதிர்மறை ஈருறுப்பு (negative binomial) மாதிரிக்கு மாறுங்கள்.

மாறுபாடு பற்றிய அனுமானம் தவறினாலும் தாங்கும் 'சாண்ட்விச்' (sandwich) திட்டப்பிழை போட்டால் தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். அது திட்டப்பிழையை மட்டுமே திருத்தும். நாற்பதைத் தாண்டிய அந்தச் சிலர் இழுத்த கெழு இழுத்த இடத்திலேயே நிற்கும்.

முதலில் அவர்களின் அட்டைகளைப் பாருங்கள், இதுதான் முக்கியம். நீரிழிவுப் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற வந்தவரா, பதிவில் இருமுறை ஏறியவரா? முன்னவரை நீக்காதீர்கள், கட்டு மாற்றும் வருகைகளைத் தனியே எண்ணுங்கள்.

பிறகு 'ஆர்' மென்பொருளில், ரோபஸ்ட்பேஸ் (robustbase) தொகுப்பின் ஜிஎல்எம்ராப் (glmrob) கட்டளையால் பாய்சானைப் பொருத்திப் பாருங்கள். கன்டோனியும் ரோன்செட்டியும் 2001இல் தந்த முறை இது; மாதிரியிலிருந்து வெகுவாக விலகியவர்களுக்குக் கணக்கில் தரும் எடையை (செல்வாக்கை) குறைக்கும். எடை குறையத் தொடங்கும் வெட்டுப்புள்ளி இயல்பாக 1.345. எடைப் பட்டியலை அவசியம் பாருங்கள்: ஏராளமானோர் எடை இழந்திருந்தால் அவர்கள் விலகியவர்கள் அல்லர், பாய்சான்தான் பொருந்தவில்லை. ஜிஎல்எம்ராப் எதிர்மறை ஈருறுப்பை ஏற்காது.

நடுவில் வேலையை விட்டுப் போனவர்களுக்காக, வேலை செய்த மாதங்களின் மடக்கையை (log) ஆஃப்செட்டாக (கெழு 1 என நிலைநிறுத்திய உறுப்பாக) சேர்க்க மறக்காதீர்கள்.