அம்மி போனதற்குப் பெண்களின் சோம்பல்தான் காரணமா?

மிக்சி வந்தபின் பெண்கள் சோம்பேறிகளானதால்தான் அம்மியும் ஆட்டுக்கல்லும் வீட்டை விட்டுப் போயினவா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நகரத்தில் வளர்ந்தவராக இருக்கலாம். மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊரை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்கு இந்தக் கேள்வி வலிக்கிறது.

விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால் அம்மா இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார். மரம் சீவி, பால் வாளிகளைச் சுமந்து திரும்பிய அதே தோள்களால்தான் மாலையில் தோசை மாவை ஆட்டினார். உறவினர் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து மிக்சி கொண்டுவந்தார். அதன் உருண்டை முனை பிளக்கை மாற்றி, இந்நாட்டுச் செவ்வக முனை பிளக்கைப் பொருத்தினோம். ஆனால் தோட்டத்து இஞ்சின் மின்சாரம் இரவில் சில மணி நேரமே இருந்ததால், ஆட்டுக்கல் தன் இடத்தை விட்டு அசையவில்லை.

அதை அசைத்தது வீடுதான். தோட்டம் விற்கப்பட்டபின் எங்களுக்குக் கிடைத்தது அடுக்குமாடியின் நான்காம் மாடி. லயத்து வீட்டின், அதாவது தோட்டத்தில் நாங்கள் இருந்த வரிசை வீட்டின், பின்புறம் கிடந்த ஆட்டுக்கல்லைப் படியேற்ற வழியில்லை. அம்மியை மட்டும் கொண்டுபோனோம். அதன் சத்தத்தைக் கீழ்வீட்டார் பொறுக்கவில்லை. எங்களுக்கு ஈடு கொடுக்கத் தொழிலாளி மரம் சீவிய ஆண்டுகளைக் கணக்கிட்டவர்கள், அவர் குடும்பம் உட்கார்ந்து அரைக்கவும் இடிக்கவும் ஓர் இடம் வேண்டுமென்று எண்ணவில்லையே என்ற குறை எனக்கு இன்றும் தீரவில்லை.

நான் பழமையை இகழ்வதாக யாரும் எண்ண வேண்டாம். சுவை மாறியது உண்மைதான். அம்மியில் தேங்காயும் மிளகாயும் நசுங்கி எண்ணெய் விடும். மிக்சியின் கத்தி அவற்றைத் துண்டாக்குகிறது. அதன் வேகத்தில் மாவு சூடேறுவதால் உளுந்து சரியாகப் பொங்குவதில்லை. குளிர்நீர் விட்டு, விட்டுவிட்டு அரைத்தால் ஓரளவு சரியாகும். கல் மெதுவாக உருளும் கிரைண்டரில் இந்தக் குறை பெரும்பாலும் இல்லை. 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் முதன்முதலில் உருவாக்கியதாகச் சொல்லப்படும் அந்த இயந்திரம், மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறுத்து எங்கள் வீட்டுக்கும் வந்தது. எங்கள் ஊர் வெப்பத்தில் இரவு கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுவிடும்.

கிரைண்டர் ஓடும் நேரத்தில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து தமிழ் நேசன் நாளிதழ் படித்தார். அதைச் சோம்பல் என்று சொல்ல நான் யாரையும் விடமாட்டேன்.